காதுகளை மட்டும் எடுத்த படக்காரர்

ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. பால்காரர் சைக்கிளைக் கரையில் நிறுத்திவிட்டு, "அண்ணே, படக்காரர் போயிட்டாரு. காலையில பால் ஊத்தப் போனேன், கதவு தொறக்கல, தள்ளிப் பார்த்தா மூச்சில்ல" என்றார். கையிலிருந்த துணி தண்ணீரோடு போனது. நான் பிடிக்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கோயில் கணக்கர் எழுதுகிறார். கடல் தாண்டி நாங்கள் பிழைக்க வந்த இந்த பிரிக்பீல்ட்ஸில் படக்காரர் குழந்தைவேலு அவர்களைத் தெரியாதவர் குறைவு. தெரியாதவர்களும் கிள்ளான் நகைக்கடையில் அவர் எடுத்த படங்களைப் பார்த்திருப்பார்கள்.

ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன மரப்பெட்டிக் கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. விளக்கு வசதி கிடையாது. கிழக்கு பார்த்த ஒரு ஜன்னல், மண்ணெண்ணெய்ப் பெட்டியில் செய்த மேசை, கிழிந்த குடையின் கறுப்புத் துணி, சவரக் கண்ணாடி, அவ்வளவுதான். வெள்ளைத் துணிக்கு, ஊருக்கே துணி வெளுக்கிற நான். வெளுத்த வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டுவோம். இன்னொன்றை எதிர்ப்பக்கம் நின்று நான் விரித்துப் பிடிப்பேன்.

"வெயில் நேரா விழுந்தா தங்கம் தகரமாத் தெரியும், அண்ணே. வடிகட்டித்தான் விடணும். இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்பார். வேட்டியில் பட்ட வெளிச்சம் திரும்பிப் போய் நகையின் நிழல் பக்கத்தைத் தொடும். அப்போது ஒவ்வொரு கல்லும் கண் திறக்கும். "போதும்ணே, எடுத்தாச்சு" என்று அவர் சொல்கிறவரை நான் கையை இறக்கக் கூடாது.

கிள்ளான் நகைக்கடைக்காரர் தோடு, அட்டிகை, கொண்டை ஊசி எல்லாவற்றையும் மடியில் முடிந்துகொண்டு ரயிலில் வருவார். படங்களைப் பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் காட்டி நகை விற்பது அவர் தொழில். "துணியில கெடந்தா யாருக்கு ஆசை வரும்? காதுல தொங்கணும்" என்று அவர் சொன்னதிலிருந்து, குழந்தைவேலுவின் மனைவி செல்லம்மாதான் ஜன்னலோரம் உட்காருவார். படத்தில் காது விழும், கழுத்து விழும், கை விழும். முகம் விழாது.

"அக்கா காதுல போட்டா பித்தளைகூடப் பவுனாத் தெரியுது" என்பார் கடைக்காரர்.

"அப்ப பித்தளையே கொண்டாங்க. கழட்டித் தர்ற வேலை எனக்கு மிச்சம்" என்பார் செல்லம்மா.

எடுத்து முடிந்ததும் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காது தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சியைச் சொருகிக்கொள்வார்.

ஒருமுறை நான்தான் கேட்டேன், "முகத்தையும் ஒண்ணு எடுத்து வையேன், தம்பி" என்று. அந்த அம்மா முந்திக்கொண்டார்: "இரவல் தோட்டோட எடுத்தா அது இரவல் முகம்ணே. எனக்குன்னு ஒண்ணு வரட்டும். அதுவரைக்கும் இவரு காதையே கட்டிக்கிட்டு அழட்டும்." கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த குழந்தைவேலு சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது.

சொந்தத் தோடு வந்தது. எடுத்த படங்களுக்கு ஈடாகக் கடைக்காரரே செய்து கொடுத்தார். ஆனால் அதற்குள் செல்லம்மாவுக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. மழைக்காலம் வேறு. விடிந்தாலும் விடியாத மாதிரி வானம். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். தோட்டைப் போட்டுவிட்டார் குழந்தைவேலு. வெளிச்சம் குறைவு என்பதால் கேமரா மூடியை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

"கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்க, புள்ள."

அடக்கித்தான் பார்த்தார். இருமல் விடவில்லை. படம் புகை மாதிரி வந்தது. முகம் எது, தலையணை எது என்று தெரியவில்லை. "நாளைக்கு வெயில் வரும்ணே" என்றார் குழந்தைவேலு. தினமும் அதையே சொன்னார். நானும் தினமும் வெளுத்த வேட்டியோடு போய் நின்றேன். மழைக்கு யார் என்ன செய்ய முடியும்?

செல்லம்மா போன அன்று காலை வெயில் அடித்தது. ஜன்னலில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. கேமரா காலூன்றியபடி அங்கேயே நின்றது. குழந்தைவேலு மூடியில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "இப்ப அசைய மாட்டா. வெளிச்சமும் இருக்கு. கைதான் வரலண்ணே" என்றார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அதன் பிறகும் நகைப் படங்கள் எடுத்தார், கறுப்புத் துணியில் பரப்பி. காதில் போட்டு எடுக்கச் சொன்னவர்களை வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார்.

சாவு வீட்டுக்கு வெளுத்த துணி கொண்டுபோவது எங்கள் முறை. குழந்தைவேலு போன சேதி வந்த அன்று நானே எடுத்துப் போனேன். மாலை போட அவருடைய படத்தைத் தேடினார்கள். அவரை யாரும் படம் எடுத்ததில்லை. சுவர் முழுக்கக் காதும் கழுத்தும், நடுவில் அந்தப் புகைப் படம்.

அவரை ஜன்னலோரம் கிடத்தியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டேன். கேமராவைத் தொடத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதிர்ப்பக்கம் நின்று வேட்டியை விரித்தேன்.

"என்ன பெரியவரே செய்றீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். நிழலில் கிடந்த அவருடைய கன்னத்தில் வெளிச்சம் போய் விழுந்தது. நல்லபடியாகப் போய் வாருங்கள், தம்பி. கை கடுத்தது. போதும் என்று சொல்ல ஆள் இல்லை. பிடித்துக்கொண்டே நின்றேன்.