அறுபத்து மூன்றாவது குடுவை

பத்து நிமிடம் ஆனதும் கைப்பேசி மணி அடிக்கிறது. வசுமதி குடையை இடுக்கிக்கொண்டு எழுந்து, வெயிலில் நிற்கும் மூன்று கண்ணாடிக் குவளைகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சி, சின்னக் குழாய்களில் விட்டு வரிசையாக நிறுத்துகிறாள். குடை அவளுக்கு மட்டும்தான். குவளை மேல் நிழல் விழுந்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் அவள் ஆராய்ச்சி செய்யும் ஆய்வகத்தின் மொட்டை மாடிக்குச் சிகரெட் பிடிக்க வந்த ஒரு மாணவர், தன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் நின்றதற்காகக் கால் மணி நேரம் பிரசங்கம் கேட்டுவிட்டுப் போனார். இப்போது அவர் தெருவில் நின்றுதான் புகைக்கிறார்.

மூன்று குவளையிலும் நீலச் சாயம் கலந்த தண்ணீர். ஒன்றில் சாயம் மட்டும். மற்ற இரண்டில் துத்தநாக ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடி. அதன் துகள்கள் சாதாரண நுண்ணோக்கிக்கும் பிடிபடாத அளவு சிறியவை. வெயில் பட்டால் இந்தப் பொடி சாயத்தைச் சிதைக்கும். நீலம் வெளிறி வெறும் தண்ணீராகிவிடும். ஹவுராவில் துணிக்குச் சாயமேற்றும் பட்டறைகள் வெளியே விடுகிற தண்ணீரை வெயிலைக் கொண்டே சுத்தம் செய்துவிட வேண்டும் என்று ஐந்து வருடமாக மல்லுக்கட்டுகிறாள். அவள் கவலையெல்லாம் பொடியின் வடிவத்தைப் பற்றியது. சரக்கு ஒன்றுதான். குச்சி குச்சியாக வளர்ந்தால் சோம்பேறித்தனமாக வேலை செய்யும்; மெல்லிய தட்டுகளாக வளர்ந்தால் பறக்கும். படிகத்துக்கும் பல முகங்கள் உண்டு. அதில் சுறுசுறுப்பான முகம் தட்டில் அகலமாக வெளியே தெரியும், குச்சியிலோ நுனியில் துளியூண்டுதான் இருக்கும்.

இந்த முக விவகாரம் ஆய்வகத்தோடு நிற்பதில்லை. வீட்டில் கூடவே குடியிருக்கும் ப்ரியா, சால்ட் லேக்கில் மென்பொருள் வேலை பார்ப்பவள், உருளைக்கிழங்கை அவசரத்தில் கட்டை கட்டையாக வெட்டினால் வசுமதி கத்தியைப் பிடுங்கிவிடுவாள். "இப்படி வெட்டுனா எப்ப வேகறது? எந்த மொகம் வெளிய இருக்குதுன்னு பாக்கோணும்" என்பாள். ப்ரியாவுக்கு இது மனப்பாடம். வசுமதி சமைக்கும் நாளில் அந்த வீட்டில் எல்லாக் காய்கறியும் வில்லை வில்லையாகத்தான் தட்டுக்கு வரும்.

ஊர் கரூர். கொல்கத்தா வந்து ஐந்து வருடத்தில் வங்காளம் சரளமாகிவிட்டது. ஆனால் கரூரின் 'ங்க' மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை. யாராவது அறைக்குள் வந்தால் "ஆஷுனுங்க" என்று வரவேற்பாள், "போஷுனுங்க" என்று உட்காரச் சொல்வாள். கடைக்காரர் முதல் பேராசிரியர் வரை எல்லோரும் இதை மதராசி மரியாதை என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மீன்காரர் ஒருவர் பதிலுக்கு 'ங்க' போட ஆரம்பித்திருக்கிறார்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவள் வாழ்க்கை தலைகீழானது. அறுபத்து மூன்றாவது குடுவையில் அவள் தயாரித்த பொடி, குச்சிப் பொடி ஒன்றரை மணி நேரம் எடுக்கும் வேலையை இருபது நிமிடத்தில் முடித்தது. அவளுக்குச் சந்தேகம். சாயம் சிதையாமல் பொடியில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தாலும் தண்ணீர் தெளிந்துதான் தெரியும். எனவே இன்னொரு குவளையை அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வைத்துப் பார்த்தாள். இருட்டில் நீலம் அப்படியே நின்றது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வந்ததும் தெரிந்தது. குச்சியே இல்லை. அறுகோணத் தட்டுகள், அப்பளம் அப்பளமாக.

அன்றைக்கு ஆய்வகத்தில் ஆளுக்கு இரண்டு சந்தேஷ் இனிப்பு. மறுநாளிலிருந்து சனி பிடித்தது. அதே எடை, அதே சூடு, அதே நேரம். பொடி மட்டும் பழையபடி குச்சி. பதினோரு தரம் செய்தாள், பதினோரு தரமும் குச்சி. தண்ணீரை மாற்றினாள், மருந்துப் புட்டியை மாற்றினாள். குறிப்பேட்டில் அன்றன்றைய வானிலையை எழுதினாள். அறுபத்து மூன்றின் அன்று போட்டிருந்த பச்சைக் குர்த்தாவைக்கூட ஒருநாள் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள், யாரிடமும் சொல்லாமல். பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் கறார். ஒரே ஒரு தரம் நடந்ததை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டேன், செப்டம்பரில் உதவித்தொகை முடிவதற்குள் திரும்பச் செய்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடு என்று சொல்லிவிட்டார். அந்த அத்தியாயம் போனால் ஆய்வேட்டில் மிச்சம் இருப்பது குச்சிகளின் சோம்பேறித்தனம்தான்.

ஒரு காரியம் செய்தாள், மிகுந்த ஜாக்கிரதையோடு. மார்ச்சுக்குப் பிறகு தன் குடுவைகளை யாரும் தொடக்கூடாது என்று ஆங்கிலத்திலும் வங்காளத்திலும், எதற்கும் இருக்கட்டும் என்று தமிழிலும் எழுதி ஒட்டினாள். தானே கழுவினாள், தானே காயவைத்தாள். அதுவரை கழுவிக்கொண்டிருந்தவர் நிமாய் தா. 'தா' என்றால் வங்காளத்தில் அண்ணன்; அவர் அவளைத் தீதி, அதாவது அக்கா, என்பார். ஐம்பதைத் தாண்டியவர், ஒப்பந்த ஊழியர், கண்ணாடிச் சாமான் பளபளப்பதில் தனிப் பெருமை உள்ளவர். அந்தச் சீட்டைப் பார்த்ததிலிருந்து அவர் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஜூன் இரண்டாம் வாரத்தில், மழை இன்றோ நாளையோ என்றிருந்த ஒரு காலையில், ப்ரியா சமையலறையில் மின்கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்த உப்பு எத்தனை தேய்த்தாலும் போகாதது. வீட்டுக்கார அம்மாள் சொன்னபடி லெமன் சால்ட்டைப் போட்டுக் கொதிக்க வைத்தாள், படிவம் கழன்று வந்தது. வசுமதி டீக் கோப்பையோடு அப்படியே நின்றாள். அவள் குடுவைகளிலும் இதே மாதிரி வெள்ளைப் படிவம் உண்டு. இவள் கழுவினால் அதன் சுவடு இருக்கும். நிமாய் தா கழுவிய காலத்தில் இருந்ததே இல்லை. லெமன் சால்ட் என்பது சிட்ரிக் அமிலம். அது படிகத்தின் தட்டை முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு, நீளவாக்கில் வளரவிடாமல் தடுக்கும். அவள் படித்த பாடம்தான்.

"ப்ரியா, நான் ஒரு முட்டாளுங்" என்றாள். ப்ரியா மறுக்கவில்லை.

தானே எடை போட்டுக் கலந்து பார்த்திருக்கலாம். ஆனால் அறுபத்து மூன்றில் இருந்தது அதுதானா என்று சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோ கேள்வியைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போய், சோப்பைத் தவிர எதையும் தொட்டதில்லை என்று சாதித்தார். ஆய்வகச் சாமானில் கண்டதைப் போட்டதாகப் புகார் போனால் ஒப்பந்தம் போய்விடும் என்ற பயம். வசுமதி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். வங்காளத்தில் மெதுவாகச் சொன்னாள்: "நிமாய் தா, உங்க மேல தப்பு கண்டுபிடிக்க வரலைங்க. நீங்க கழுவுனதுனாலதான் அது நடந்துச்சு. நான் கழுவுனதுனாலதான் நின்னுபோச்சு."

அவர் வெகுநேரம் துடைத்த மேசையையே துடைத்தார். பிறகு சொன்னார், "வீட்டுல கெட்டிலுக்குப் போடறதுதான் தீதி. கறை போகலை, ஊறப் போட்டேன். அன்னிக்குக் குழாயில தண்ணி வரலை. கவிழ்த்துக் கொட்டிட்டு அப்படியே காயவெச்சுட்டேன். அலசலை."

அலசவில்லை என்பதை அவர் ஏதோ கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார். வசுமதிக்கு வெட்கமாகப் போயிற்று. மூன்று மாதம் அந்த மனிதரைக் கடந்து போகும்போதெல்லாம் குடுவையைத்தான் பார்த்திருக்கிறாள். சுவரில் இருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, கறை பிடித்த குடுவையொன்றை அவர் கையில் கொடுத்து, அன்றைக்குச் செய்தபடியே செய்யச் சொன்னாள்.

திங்களன்று அவர் ஊறப்போட்டார். செவ்வாயன்று பொடி ஆயிற்று. புதன்கிழமை மேகம் விலகி மூன்று மணி நேரம் வெயில் கிடைத்தது. அரை மணி இருட்டில் வைத்து, பிறகு குவளைகளை வெயிலுக்குக் கொண்டுவந்தாள். நிமாய் தா கையில் டீ கிளாஸோடு மாடிக்கு வந்து, சுவரோரம் நின்றுகொண்டார். பத்து நிமிடத்தில், அவர் கழுவிய குடுவையின் பொடி இருந்த மூன்றாவது குவளை வெளிறியது. இருபதாவது நிமிடத்தில் பக்கத்தில் குச்சிப் பொடிக் குவளை இன்னும் நீலமாகவே நிற்க, மூன்றாவதில் பொடி கலங்கிய வெண்மை மட்டும் மிச்சம். சுழற்றித் தெளிய வைத்த குழாயின் வழியாக எதிர்க்கட்டடத்து ஜன்னல் தெரிந்தது.

ஆயிற்றா தீதி என்று அவர் கேட்டார். வசுமதி தலையாட்டினாள். எடை, சூடு, நேரம் எல்லாவற்றுக்கும் அவளிடம் வங்காளம் இருந்தது, இதற்கு இல்லை. அவர் கையிலிருந்த காலி கிளாஸை வாங்கிக்கொண்டு மாடிக் குழாயடிக்குப் போனாள். வேண்டாம் என்று பதறிக்கொண்டு அவர் பின்னால் வந்தார். அவள் கேட்கவில்லை. அடியில் படிந்திருந்த டீக்கறையை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, துப்பட்டாவின் நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.