நல்ல நேரம் 9.15 முதல் 10.15 வரை

ஆஞ்சலாவுக்கு ஆபீசில் வைத்த பெயர் முட்டுக்கட்டை. அவள் காதில் விழாது என்ற நினைப்பில்தான் வைத்தார்கள். பன்னிரண்டு பேர் உட்காரும் இடத்தில் எது யார் காதில் விழாமல் போகும்? மற்றவர்கள் எழுதும் கணினி நிரலைப் படித்து ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை. நீலசந்திராவில் பிறந்து, அரசுக் கல்லூரியில் கணக்குப் படித்து, பதினாறு வருடமாக இதையே செய்கிறாள். ஓட்டை போட்டவன்மேல் யாருக்கும் கோபம் வராது. அதைச் சொன்னவள்மேல்தான் வரும்.

கிரிப்டோ நாணயம் வைத்துக்கொள்ள ஒரு செல்போன் செயலி செய்தது அந்தக் கம்பெனி. கணக்குத் திறந்ததும் பன்னிரண்டு இரகசியச் சொற்கள் வரும். சொற்கள் யார் கையில் இருக்கின்றனவோ பணமும் அவருடையதே. பாங்க் மானேஜரிடம் போய் அழுது மீட்கிற கதையெல்லாம் அங்கே கிடையாது. அதனால் எவராலும் ஊகிக்க முடியாதபடி அந்தச் சொற்களைக் குருட்டாம்போக்கில் பொறுக்க வேண்டும்.

பொறுக்கும் பகுதியை எழுதியவன் தினேஷ். நல்ல பையன், ஆனால் சோம்பேறி. சோதனை ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் வேறு சொற்கள் வந்தால் பிழை தேடுவது பேஜார் என்று, கணக்குத் திறக்கும் வினாடியிலிருந்தே சொற்கள் பிறக்கும்படி செய்துவிட்டான். அதே வினாடியைக் கொடுத்தால் அதே சொற்கள். சோதனைக்குச் செய்த வசதியை அப்படியே ஜனங்களுக்குப் போகிற பதிப்பிலும் விட்டுவைத்தான். ஆஞ்சலா மூன்று முறை எழுதிக் காட்டினாள். சோதனையெல்லாம் பச்சை காட்டுகிறதே என்று மூன்று முறையும் பதில் வந்தது. பச்சை காட்டாமல் என்ன செய்யும்? கேள்வியும் அவனுடையது, விடையும் அவனுடையது.

முதலாளி வெங்கடராமன் அட்சய திருதியை அன்று வெளியிட நாள் குறித்தார். புதன்கிழமை, காலை 9.15. நகைக்கடைக்குப் போகிற கூட்டம் நம்மிடம் வரட்டும் என்று, ‘நல்ல நேரத்தில் கணக்குத் திறங்கள்’ என ஊரெல்லாம் விளம்பரம். அதைப் பார்த்ததும் ஆஞ்சலா கணக்குப் போட்டாள். வினாடிதான் சாவி. எல்லோரும் திறக்கப்போகிற அந்த ஒரு மணி நேரமோ வீட்டுக்கு வீடு காலண்டரில் தொங்குகிறது. மூவாயிரத்து அறுநூறு வினாடிகளை முயன்று பார்க்கத் திருடனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.

திறக்கக் காத்திருந்தவர்களில் அவள் தம்பி டேரிலும் ஒருவன். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போடப்போகிறான். எங்க அக்கா செக் பண்ற கம்பெனி என்று உடன் வேலை செய்பவர்களிடமும் சொல்லி வைத்திருந்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான். நல்ல நேரத்தை மட்டும் விடமாட்டான்.

ஆஞ்சலாவின் மின்கையொப்பம் இல்லாமல் எந்தப் பதிப்பும் வெளியே போகாது. அப்படி ஒரு கருவியைப் போன வருடம் அவளே கட்டியிருந்தாள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கையொப்பம் போட முடியாது என்றாள். வெங்கடராமன் முதலில் கெஞ்சினார். பிறகு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். தினேஷைக் கூப்பிட்டு அந்த விதியையே எடுத்துவிடச் சொன்னார். விதியை எடுப்பதற்கும் மேடம் கையொப்பம் வேண்டும் என்று தினேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

சோதனைப் பதிப்பில் வெங்கடராமன் எப்போது கணக்குத் திறந்தார் என்று ஆஞ்சலா கேட்டாள். யுகாதியன்று, நல்ல நேரம் பார்த்து என்றார் பெருமையாக. அவள் சுவரிலிருந்த மாதக் காலண்டரில் ஒரு தாளைப் பின்னால் புரட்டினாள். ஞாயிறு, 7.45 முதல் 8.45. அந்த ஒரு மணி நேரத்தை மடிக்கணினியில் கொடுத்தாள். அவருடைய கணக்கு முகவரி ஒன்றும் இரகசியமில்லை. ஒவ்வொரு வினாடியின் சொற்களும் எந்த முகவரியைத் தருகின்றன என்று ஒப்பிட்டதில், மூன்று வினாடியில் ஒன்று பொருந்திவிட்டது. முதல் மூன்று சொற்களை மட்டும் வாசித்தாள்.

வெங்கடராமன் பர்ஸிலிருந்து லேமினேட் செய்த சீட்டை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“இதை என் ஒய்ஃபுக்குக்கூடக் காட்டலையேம்மா.”

வெகுநேரம் யோசித்தார். புரிந்துவிட்டது என்றுதான் அவளும் நம்பினாள்.

“அப்போ ராகு காலத்துல திறக்கச் சொல்லலாமா? அது யாருக்கும் தோணாதே.”

ஆஞ்சலா தலையில் கைவைத்துக்கொண்டாள். “சார், அதுவும் அதே காலண்டர்லதான் இருக்கு. ஒரு வரி கீழ.”

திருத்தம் நாலு வரிதான். செல்போனுக்குள்ளேயே யாராலும் ஊகிக்க முடியாத எதேச்சை எண் தருகிற வசதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியது, அவ்வளவே. பன்னிரண்டு பத்துக்கு எல்லாம் சரிபார்த்துக் கையொப்பம் போட்டாள். ராகு காலம் முடியட்டும் என்று ஒன்று முப்பத்தொன்று வரை வெங்கடராமன் வெளியீட்டுப் பொத்தானை யாரையும் தொடவிடவில்லை. சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. நாளைக்கு வரவேண்டுமா வேண்டாமா என்பதையும் அவர் சொல்லவில்லை.

நாலு மணிக்கு டேரிலிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட தாள், நீலப் பேனா, பன்னிரண்டு சொற்கள். பின்னாலேயே போன்.

“பத்திரமா வெச்சுக்கக்கா. என்கிட்ட இருந்தா தொலைஞ்சுடும்.”

காலையிலிருந்து அடக்கி வைத்த கோபமெல்லாம் அவன்மேல் பாய்ந்தது. இதற்காகவா வேலையைப் பணயம் வைத்தாள்? அறிவிருக்கா என்று தொடங்கி மூச்சு வாங்கும்வரை திட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“வேற யார்கிட்டக்கா குடுப்பேன்? நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்.”

பதினாறு வருடத்தில் இதை ஒருவர்கூட அவளிடம் சொன்னதில்லை.

“பணம் போட்டுட்டியாடா?”

“இன்னும் இல்லக்கா. அதையாவது நல்ல நேரத்துல போடலாம்னுதான்.”

“அப்போ இதை விட்டுடு. புதுசா ஒண்ணு திற. அந்தச் சீட்டை எனக்குக்கூடக் காட்டாத.”

“உனக்குமா?”

“எனக்குந்தான்.”

“சரி. அடுத்த நல்ல நேரம் எப்பக்கா?”

அவள் திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். “நாலே முக்காலுக்கு,” என்றாள். இனிமேல் அதைச் சொல்வதில் ஆபத்தில்லை.