பாட்டு நின்ற நேரம்

இன்று கொழும்பு வெள்ளவத்தையில், பக்கத்து வீட்டு ரேடியோப் பாட்டு சட்டென்று அடங்கியது. யுத்த காலத்தில் இங்கே அப்பாவும் இப்படித்தான். நாள் முழுக்க சினிமாப் பாட்டை உரக்க வைத்திருப்பார். லண்டன் தமிழ்ச் செய்தி தொடங்கியதும் சத்தத்தைக் குறைத்து, பெட்டியில் காதை ஒட்டிக்கொள்வார்.

ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் அப்பாவைப் படியில் மறித்தார். "மாஸ்டர், ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு மட்டும் ஏன் உங்கட பாட்டு நிக்குது?"

"பிள்ளை படிக்கிற நேரம்" என்றார் அப்பா.

அவரும் தமிழர்தான்; அது எந்தச் செய்தியின் நேரம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்பா கூடுதலாகப் பயந்தார், பொலிசுக்குச் சொல்லிவிடுவாரோ என்று. அன்றிலிருந்து செய்தி நேரத்திலும் பாட்டே அலறியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வீடு இருந்த ஒழுங்கையில் குண்டு விழுந்தது மூன்று நாள் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் இன்னும் பாட்டு வரவில்லை. நான் சுவரில் காதை வைத்தபடி நிற்கிறேன்.