முதல் பக்கத்துச் சாட்சி

ஓடிப்போனாள் என்று சொல்பவள் என் முன்னால் வந்து சொல்லட்டும். ஓடிப்போகிறவள் பட்டப்பகலில் தலைவாரி, செருப்பு மாட்டி, மாமியாரிடம் சொல்லிக்கொண்டா போவாள்? எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அளக்கிறாள். என் மருமகள் பைண்டிங் கடை முதலாளியோடு போய்விட்டாளாம். அந்த மனுஷனை நாற்காலியிலிருந்து எழுப்பவே ஆள் பிடிக்க வேண்டும், அவர் எங்கே ஓட? இன்னொரு கதையும் உண்டு. அடுத்தவர் ஆராய்ச்சியைத் திருடி மாட்டிக்கொண்டாளாம், முகம் காட்ட முடியாமல் போய்விட்டாளாம். முதல் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். அதனால் நடந்ததைச் சொல்கிறேன், பேத்தி, நீ எழுது. உன் மாமா வரும் இடத்தில் பேனாவை நிறுத்தாதே. உனக்கு அவன் மாமா என்றால், எனக்கு நான் பெற்ற பிள்ளை. சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ், பைண்டிங் கடையில் அவளுக்கு வேலை. பிள்ளைகள் கொண்டுவரும் ஆய்வேடுகளைப் பிரதி எடுப்பாள், தைப்பாள், பசை தடவுவாள், அட்டையில் தங்க எழுத்து பதிப்பாள். பசை காயும்வரை சும்மா இருக்கமாட்டாமல் உள்ளே புரட்டிப் படிப்பாள். அப்படித்தான் ஆசை பிடித்தது. மாலை வகுப்பில் சேர்ந்தாள். அமெரிக்கா என்ற நாடு உருவான காலத்தில் அங்கே இருந்தவர்கள் எழுதியதெல்லாம்தான் பாடம். என் பிள்ளை பள்ளிக்கூடத் தலைமையாசிரியன். "எவனோ எப்பவோ எழுதினதைப் படிச்சு நீ என்ன கிழிக்கப் போற?" என்று கேட்டான். அன்றைக்குக் கேட்டதுதான். அதன்பிறகு அந்தப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

எனக்குத்தான் எல்லாம் சொல்வாள். நான் துணி மடிப்பேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள். கப்பலில் போய் இறங்கினவர்கள் குளிரில் செத்ததை, பிழைத்தவர்கள் கடவுளுக்குப் பயந்து பக்கம் பக்கமாகப் பிரசங்கம் எழுதியதை. அங்கே முன்னாலேயே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அதைத்தான் அத்தை அவங்க சரியா எழுதவே இல்லை" என்றாள்.

அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அடிமையாக இருந்தவர்கள் எழுதிய புத்தகங்களை. அடிமைக்கு எழுத வரும் என்று யாரும் நம்பமாட்டார்களாம். அதனால் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியமனிதர், "இதை இவரேதான் எழுதினார், எனக்குத் தெரியும்" என்று சாட்சி சொல்வாராம். அப்புறம்தான் புத்தகம் விலைபோகும். அந்தச் சாட்சிப் பக்கங்களை மட்டும் தேடித் தேடிப் படித்து எழுதினாள். விடிந்ததும் சமையல்கட்டு மேசையில் உட்காருவாள். எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். ஒரு நாள் உட்காராவிட்டால் முகம் வாடிப்போகும். நான் பக்கத்தில் இருந்தேன். பார்த்தேன்.

எழுதி முடித்து, தன் கையாலேயே பைண்டு செய்து கொடுத்தாள். சில நாளில் துறையிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். தனியாகப் போக அவளுக்கு மனமில்லை, நானும் போனேன். துறைத் தலைவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார், மரியாதைக்குக் குறைவில்லை. அவளிடம்தான் குரலே வேறு.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. அதுதான் பிரச்சினை. எத்தனையோ பேரோட ஆய்வேடு உன் கை வழியாப் போகுது. சந்தேகம் வரத்தானே செய்யும்?"

"சந்தேகம் இருந்தா கேள்வி கேளுங்க சார். எந்தப் பக்கத்துல வேணா கேளுங்க."

"கேள்வி அப்புறம். முதல்ல, இதை நீதான் எழுதினேன்னு பொறுப்பான ஒருத்தர் எழுதிக் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா பட்டம் இல்லை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்தை நடத்துகிற மனுஷன்தான் அவர். சிரிப்பார் என்று நினைத்தாளோ என்னவோ. அவர் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"நான் பார்த்தேன் சார். என் கண்ணு முன்னாலதான் எழுதினா."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"அப்ப அவங்க என்ன எழுதினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தன்மையாகத்தான் கேட்டார். கைநாட்டு வைக்கிறவளின் சாட்சிக்கு அங்கே மதிப்பில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டில் சொன்னதும் என் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நாள் எட்டிப் பார்க்காதவன், பள்ளிக்கூடத்துக் காகிதம் எடுத்து, முத்திரை குத்தி, ஒரே மூச்சில் எழுதிவிட்டான். வியாழக்கிழமை மாலை அவள் கையில் கொடுத்தான். அவள் எனக்காகச் சத்தமாக வாசித்தாள். என் மனைவி என் மேற்பார்வையில், நான் அன்றாடம் தந்த விளக்கங்களின் துணையோடு இந்த ஆய்வை எழுதி முடித்தாள் என்று இருந்தது.

"நான் எதைப் பத்தி எழுதியிருக்கேன்னு சொல்லுங்க" என்றாள்.

"அமெரிக்காவைப் பத்தி."

"அமெரிக்கால எதைப் பத்தி?"

"இப்ப அதுவா முக்கியம்? இப்படி எழுதினாத்தான் அவங்க நம்புவாங்க."

"மேற்பார்வைன்னு இருக்கறதை மட்டும் எடுத்துடுங்க. இவ எழுதறதைப் பார்த்தேன்னு போடுங்க, போதும்."

"அதை எடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு அதுல? இந்த வீட்ல இருந்துகிட்டு நீ படிச்சதே என்னாலதான்."

நான் விடவில்லை. ஒரு நாளாவது அந்த மேசைப் பக்கம் வந்தியாடா என்று கேட்டேன். "அம்மா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது, பேசாம இருங்க" என்றான். புரியாமல் என்ன? அவன் பொய் சொன்னால், அவனுடைய மூன்று வயதிலிருந்தே எனக்குப் புரியும். ஒரு வார்த்தை மாற்றமாட்டேன் என்று படுக்கப் போய்விட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் குளித்து, பையில் துணி எடுத்து வைத்தாள். அவள் சிநேகிதி இருக்கும் ஊரில் ஒரு அச்சகத்தில் ஆள் கேட்கிறார்களாம். துறைக்குப் போகவில்லையா என்றேன். "அந்தக் காகிதத்தைக் கொடுத்தா பட்டம் கிடைக்கும் அத்தை. ஆனா நான் எழுதினது அவர் எழுதினதா ஆயிடும். அதுக்கு அந்தப் பட்டம் வேண்டாம்" என்றாள். அழவில்லை. நானும் இரு என்று சொல்லவில்லை. எதை வைத்து இருக்கச் சொல்வது? எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண் முன்னாலேயேதான் என் மருமகள் படியிறங்கிப் போனாள்.

என் பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். மேசையில் அவன் எழுதிக்கொடுத்த காகிதம் கிடந்தது. அவள் எங்கே என்று கேட்கவில்லை. "இதை ஏன் எடுத்துட்டுப் போகலை?" என்றுதான் கேட்டான்.