வாசுகி பெட்டியோடு போன காலை

போ பசான் நகரில் குடியிருந்த வாசுகிக்கு முப்பது வயதுவரை அலுவலகம் என்றால் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். தீவின் தலைநகரான போர்ட் லூயியில் பின்னலாடை ஏற்றுமதி ஏஜென்ட் ஒருவரிடம் அவள் டைப்பிஸ்ட். முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர், நடுவில் அவளும் டைப்ரைட்டரும். எண்பதுகளின் நடுவில் தீவெங்கும் தொழிற்சாலைகள் பெருகின. சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்களோ தலைநகரின் புழுக்கத்தில் வந்து உட்கார மனமில்லாமல் கடற்கரை ஹோட்டல்களிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே பேசி முடித்ததை இங்கே வந்து டைப் அடித்து, திரும்பக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதற்குள் அவர்கள் மனம் மாறிவிடும்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி லிண்ட்சே சின்ன டைப்ரைட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தார்.

"மதாம் வாசுகி, இனி நீங்கள் இங்கே உட்கார வேண்டாம். ஒரு நாள் பாம்பூ ஊரில் தொழிற்சாலை, ஒரு நாள் மோர்ன் கடற்கரையில் ஹோட்டல். பேச்சு முடிகிற இடத்திலேயே ஆர்டரை அடித்துவிடலாம்."

வாசுகிக்குத் தலைகால் புரியவில்லை. வேலையோடு ஊரும் சுற்றலாம் என்ற சந்தோஷத்தில், அந்த மெஷினை எப்படித் தூக்கிப்போவது என்று கேட்கவே மறந்துவிட்டாள்.

மெஷினோடு வந்த உறையின் கைப்பிடி முதல் வாரமே பிய்ந்துவிட்டது. அடுத்து, சந்தைக்குக் காய் வாங்கக் கொண்டுபோகும் பின்னல் கூடையில் வைத்துப் பார்த்தாள். கூடைக்கு மூடி கிடையாது; போ பசான் மழைக்கு நேரம் காலம் கிடையாது. கார்பன் தாள் நனைந்து, அவள் விரல்களெல்லாம் நீலமாகிவிட்டன. அந்தக் கையோடு ஒரு தொழிற்சாலை மேலாளருக்குக் கைகொடுத்துவிட்டாள். பாவம், மனிதர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த தனராஜ், பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான். அவன் வாசுகியின் கணவன். துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. பிரான்சிலிருந்து வந்த சித்தப்பா விட்டுப்போன பழுப்பு நிறப் பெட்டி அது. ஒரு ஆளே உள்ளே படுத்துக்கொள்ளலாம்.

"இதில் மழை இறங்காது," என்றான்.

"நானும் ஏற முடியாதே, பஸ்ஸில்."

"ஒரு நாள் கொண்டுபோய்ப் பாரேன்."

செவ்வாய்க்கிழமை காலை வாசுகி அந்தப் பெட்டியோடு கிளம்பினாள். முந்தின நாளிலிருந்தே ஜலதோஷம்; மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. பெட்டியின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமானாள். அவள் மறந்துவிட்டுப் போன குடையைக் கையில் எடுத்துக்கொண்டு தனராஜ் வெறுங்காலோடு பின்னாலேயே ஓடிவந்தான்.

"வாசுகி, நில்லு! நான் சொல்றதைக் கேளு!"

அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் போயே போய்விட்டது. தனராஜ் நடுத்தெருவில் நின்று பெருமூச்சு விட்டான்.

எதிர்வீட்டு ஜிசெல் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டே இத்தனையையும் பார்த்தாள். நல்ல மனசுக்காரி, ஆனால் பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ரொட்டிக் கடையில் சொன்னாள். ரொட்டிக்காரன் தன் அண்ணியிடம் சொன்னான். பக்கத்து ஊர் ரோஸ்ஹில்லில் இருக்கும் தனராஜின் அம்மா பொன்னம்மா காதுக்குச் சேதி போய்ச் சேர்ந்தபோது, மருமகள் இரண்டு பெட்டியோடு போனதாகவும், மகன் நடுரோட்டில் அழுததாகவும் ஆகியிருந்தது.

மத்தியானம் பொன்னம்மா வந்து இறங்கினாள். நெற்றியில் விபூதி, வழியில் கோயிலுக்கும் போய்விட்டு வந்திருந்தாள். உள்ளே மகன் தன்னந்தனியாக முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது.

"என்னடா பண்ணினே அந்தப் பொண்ணை?" என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ஆரம்பித்தாள்.

"நான் என்னம்மா பண்ணினேன்? பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்."

"நீயே எடுத்துக் கொடுத்தியா?" பொன்னம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "முருகா."

தனராஜ் டைப்ரைட்டர் கதையைச் சொல்லிப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை நம்பவில்லை. வேலைக்குப் போகிறவள் எதற்குப் பெட்டி தூக்க வேண்டும், ஹோட்டலுக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்கக் கேட்க, அவன் சொன்ன உண்மை ஒவ்வொன்றும் பொய்யாகவே போனது. சாயங்காலம் வாசுகி பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் பொன்னம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா கண்ணு. அவன் தப்பையெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"என்ன தப்பு, மாமி?"

விஷயம் விளங்க வெகு நேரமாயிற்று. விளங்கியபின் வாசுகி சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டது. காலையில் பஸ்ஸிலும் இதே கதைதான் என்று அவள் சொன்னாள். கண்டக்டர் விமானம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாராம். பக்கத்தில் இருந்த பெரியவர் பத்திரமாகப் போய்வா என்று தலைமேல் கைவைத்து ஆசீர்வாதமே பண்ணினாராம்.

பொன்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "இதைத் தூக்கினால் தோள் என்ன ஆகும்? சனிக்கிழமை நானும் வரேன். நல்லதா ஒண்ணு வாங்குவோம்."

ரோஸ்ஹில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முனிசாமியின் கடை; தோல் பை, துணிப் பை எல்லாம் விற்பார். சனிக்கிழமை மாமியாரும் மருமகளும் டைப்ரைட்டரை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். முனிசாமி அடுக்கடுக்காக இறக்கிவைத்தார். பித்தளைப் பூட்டுப் போட்ட சிவப்புத் தோல் பை ஒன்றைப் பொன்னம்மா பார்த்தது பார்த்தபடி இருந்தாள்.

"இதுதான். ஹோட்டலுக்குப் போறவ கையில் இது இருந்தாத்தான் மதிப்பு."

வாசுகி மெஷினை அதில் வைத்துக் கடைக்குள்ளேயே நடந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைக்குள் நடப்பது வேறு, பஸ் ஏறுவது வேறு. அவள் முனிசாமியைப் பார்த்தாள்.

"அங்கிள், இதை வெளியே கொண்டுபோய் ஒரு பஸ்ஸில் ஏறி இறங்கிப் பார்க்கட்டுமா?"

முனிசாமி இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டதில்லை. தாடையைத் தடவினார். "நீ அப்படியே பஸ்ஸோடு போயிட்டா?"

"மாமி இங்கே இருப்பாங்க."

ஆகப் பொன்னம்மா ஜாமீனாகக் கடையில் உட்கார்ந்தாள். நிலையத்தில் ஆளில்லாமல் நின்ற பஸ் ஒன்றில் வாசுகி ஏறினாள். டிரைவர் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். சிவப்புப் பையைப் பிடிக்கவே ஒரு கை போய்விட்டது. கம்பியைப் பிடிக்க ஒரு கை, டிக்கெட்டுக்குக் கை இல்லை. சீட்டுகளுக்கு நடுவில் திரும்பினால் பூட்டு முழங்காலில் இடித்தது. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்து வந்தாள். அது தோளில் தொங்கியது. ஆனால் அடி தொளதொளவென்று இருந்ததால் மெஷின் சரிந்து இடுப்பில் குத்தியது. இன்னொன்றின் ஜிப் பாதியில் நின்றது.

"அந்த அடித்தட்டில் இருக்கிற பச்சைப் பையை எடுங்க, அங்கிள்," என்றாள் கடைசியில்.

"அது குழாய் ரிப்பேர்காரங்க வாங்கறதும்மா."

தடித்த கித்தான் துணி. அடியில் பலகை வைத்துத் தைத்திருந்தது. அகலமான வாரைக் குறுக்கே மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருந்தன. ஜிப்பின்மேல் மழைக்கு ஒரு மடிப்பு. வெளியே ஒரு பாக்கெட், கார்பன் தாள் மடங்காமல் நின்றது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மாற்றுப் புடவையும் சீப்பும் வைக்கக்கூட இடமிருந்தது. வாசுகி பஸ்ஸின் முன்படியில் ஏறி, கடைசி சீட்டு வரை நடந்து, பின்படியில் இறங்கினாள். எங்கும் இடிக்கவில்லை. டிரைவர் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

அவள் திரும்பி வந்தபோது கடையில் பொன்னம்மா வேறொரு பெண்மணிக்குச் சிவப்புப் பையை விற்றுக்கொண்டிருந்தாள். "ஹோட்டலுக்குப் போறவங்க வாங்கறது" என்று அவள் சொன்னதுதான் வியாபாரத்தை முடித்ததாம். முனிசாமி கல்லாவில் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பொன்னம்மா அந்தக் கடையில் விற்பனைக்கு நின்றாள். வீட்டில் சும்மா இருந்து ஊர்க்கதை கேட்பதற்கு இது மேல் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அன்று மருமகள் தேர்ந்தெடுத்ததைப் பார்த்து மட்டும் அவளுக்கு முகம் சுருங்கியது. "இதைப் போட்டுக்கிட்டுப் போனா உன்னை ரிப்பேருக்கு வந்தவன்னு நினைப்பாங்க."

அப்படியே நடந்தது. பாம்பூ தொழிற்சாலைக் காவலாளி அவளைக் கண்டதும் வாசல் கதவை அகலத் திறந்தான். ஒரு வார்த்தை பேசவிடாமல் நேரே உள்ளே கூட்டிப்போய், ஓடாமல் நின்ற பின்னல் மெஷின் முன்னால் நிறுத்தினான். அதைச் சுற்றி நின்ற பெண்கள், "வந்தாச்சா, காலையிலிருந்து காத்திருக்கோம்," என்றார்கள். வாசுகி பையைத் திறந்து டைப்ரைட்டரை வெளியே எடுத்தாள். அப்போது எழுந்த சிரிப்பில் மேலாளரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். அதன்பின் அந்த வாசலில் அவளை ஒரு நாளும் காக்கவைத்ததில்லை.

மோர்ன் ஹோட்டலுக்கு முதன்முறையாகப் போனது அந்த மாதக் கடைசியில். இரண்டு நாள் வேலை. சரக்கு வாங்க வந்த பிரெஞ்சுக்காரி கடலைப் பார்த்த வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று தடவை மனம் மாறினாள். லிண்ட்சே பொறுமையாகத் தலையாட்டினார். வாசுகி அடித்ததைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் செருகினாள். காற்றில் தாள்கள் பறக்கப் பார்த்தபோது பையை எடுத்து அவற்றின்மேல் வைத்தாள். இரண்டாம் நாள் மதியம் கையெழுத்தானது.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது," என்றார் லிண்ட்சே. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறும் வேலையோடு திரும்புவதா?"

வாசுகி மெஷினைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வாரைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, செருப்பை ஒரு கையிலும் புடவை நுனியை இன்னொரு கையிலும் பிடித்தபடி மணலில் இறங்கிப்போய், கணுக்கால் வரை கடலில் நின்றாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.