உறையில்லாத இசைத்தட்டு

மோட்டார் ரிப்பேர்க்காரருக்குத் தெரு வைத்த பெயர் காதுக்காரர். மிக்ஸியோ ஃபேனோ, திறந்து பார்க்கவே வேண்டாம். தலையைச் சாய்த்து இரண்டு நிமிடம் கேட்டாலே கோளாறு எதுவென்று புட்டுப்புட்டு வைத்துவிடுவார். அதில் மனிதருக்குத் தலைக்கனமும் உண்டு, சும்மா சொல்லக் கூடாது.

வீட்டு முன்னறைதான் பட்டறை. போன வாரம் அங்கே ஒரு ரெக்கார்ட் பிளேயர் வந்து சேர்ந்தது. ஓட்டிப் பார்க்கத் தட்டு வேண்டுமே! பழைய பேப்பர் கடையில் யாரும் சீண்டாமல் கிடந்த ஒன்றை, உறைகூட இல்லாததை, தூக்கிக்கொண்டு வந்தார். எண்பதுகளில் வந்து, வந்த சுவடே தெரியாமல் போன பாப் ஆல்பமாம். எதுவாயிருந்தால் என்ன, அவருக்குத் தட்டு சுற்றினால் போதும்.

ஏழு நாள் அதே தட்டு ஓடியது. அவர் கேட்டதெல்லாம் பெல்ட் நழுவுகிற சத்தமும் மோட்டாரின் முனகலும்தான். மனைவி டீயை வைத்துவிட்டு, ஏழு நாளும், கதவோரம் நின்றாள். கால் வலிக்கப்போகிறது, போய் உட்கார் என்று இவர்தான் விரட்டினார்.

எட்டாம் நாள் கோளாறு சரியானது. மோட்டார் மூச்சுக்காட்டவில்லை. அப்போதுதான் பாட்டே காதில் விழுந்தது. ஒரு பெண் துள்ளலாக, யாருக்கும் பயப்படாமல் பாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு துண்டாக ஒரு குட்டி மூச்சு. "என்னங்க" என்று கூப்பிடுவதற்கு முன் முப்பத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் கேட்கிற அதே மூச்சு.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை. அவள் ஒரு வரி முணுமுணுத்துக்கூட அவர் கேட்ட ஞாபகமில்லை.

"இது... நீயா?"

"இன்னைக்காவது கேட்டுச்சே."

ஏன் சொல்லவில்லை, ஏன் பாடவில்லை என்று திணறித் திணறிக் கேட்டார். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் கதிகலங்க வைத்தது.

"கல்யாணமான மறுவாரம், பாடாத, மோட்டார் சத்தம் கேக்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்க. நிறுத்திட்டேன்."

சொன்னாரா? மண்டையைக் குடைந்து பார்த்தும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருப்பார். வேலை நேரத்தில் யாரையும் அப்படித்தான் அடக்குவார். போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை, இத்தனை வருடம்! அந்தக் குரலை மேற்கொண்டு கேட்கத் தாங்காமல் ஊசியைத் தூக்கக் கை நீட்டினார்.

"விடுங்க," என்றாள் அவள். "அவளாவது பாடி முடிக்கட்டும்."

கையை இழுத்துக்கொண்டார். தட்டின் அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாட்டு பாக்கி இருந்தது.