சுவருக்கு மூச்சு முட்டுகிறது

கன்னத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவரின் நீளத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். கையில் சிறிய டார்ச். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் பூச்சிலுள்ள மேடு பள்ளமெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல ஓரிடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு பரு இருக்கு," என்கிறார். பூச்சு வேலைக்காரர் வந்து எட்டிப் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறார். இந்த மனிதரோடு வாதாடுவதைவிடத் தேய்த்துவிட்டுப் போவது சுலபம்.

ஓவியக் கண்காட்சிக்கூடங்களை வடிவமைத்துக் கட்டிக்கொடுக்கும் கட்டடக் கலைஞர் இவர். வேலையாட்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பெயர் 'வெள்ளைக்காரர்'. ஆள் மாநிறம்தான். ஆனால் வெள்ளையைத் தவிர வேறொரு நிறத்தை அவர் நிறமாகவே மதிப்பதில்லை. பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, வெயிலில் வெளுத்த துணியின் வெள்ளை என்று அதற்குள்ளேயே ஆயிரம் பேதம் பார்ப்பார். சிவப்பாக இருந்தே தீரவேண்டிய தீயணைப்புக் கருவி எதிரே வந்தால் மட்டும், சம்பந்தி வீட்டில் அவமானப்பட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"சுவர் மூச்சு விடணும்." எதைக் கேட்டாலும் பதில் இதுதான். வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போடலாமா? சுவர் மூச்சு விடணும். படத்தின் பெயரைப் பக்கத்தில் எழுதி ஒட்டலாமா? சுவர் மூச்சு விடணும். சரி, படத்தையாவது மாட்டலாமா? அங்கேதான் சங்கடம். ஓவியக்கூடம் கட்டுகிற மனிதருக்கு ஓவியம் என்றால் ஆகாது. வேலை முடிந்து கூடம் காலியாக இருக்கும்போதே புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வார். திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தால் உடம்புக்கு ஏதாவது வந்துவிடும்.

வீட்டிலும் ஆணி கிடையாது. சுவர்க்கடிகாரம் சாப்பாட்டு மேசையில் மல்லாந்து கிடக்கிறது. "எங்க வீட்ல மணி பாக்கணும்னா கெணத்த எட்டிப் பாக்கற மாதிரிதான் பாக்கணும்," என்பார் மனைவி. மாமனார் காலமான பிறகு அவர் படத்தை எங்கே மாட்டுவது என்ற பேச்சு வந்தது. மருமகன் நாள்கணக்கில் யோசித்து, ஃப்ரிட்ஜின் தலையில் இடம் ஒதுக்கினார். மாமனார் அங்கிருந்தபடி பாலும் தயிரும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன வருடம் மனிதர் வசமாக அகப்பட்டுக்கொண்டார். பூட்டிக்கிடந்த கிடங்கு ஒன்றைக் கண்காட்சிக்கூடமாக மாற்ற ஒரு தொழிலதிபர் அம்மாள் அவரைக் கூப்பிட்டிருந்தார். கூரையை ஒட்டி நீளமாக ஒரு சன்னல் வைத்து, அதன் வெளிச்சம் நிழலே விழாமல் வழிந்து இறங்கும்படி செய்தார். அது இறங்குவதற்கென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சுவர். எதிரிகூட வாயைப் பிளப்பான். அம்மாளும் பிளந்தார். பிறகு, படம் மாட்டும் நாளிலிருந்து திறப்பு விழா முடியும்வரை நீங்கள் கூடவே இருக்கவேண்டும், காய்ச்சல் வந்தால் காரை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார்.

முதல் கண்காட்சி ஓர் ஓவிய ஆசிரியையுடையது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆப்பிளும் பூச்சாடியும் வரையச் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றவர். வீட்டில் தன் தெருக்காரர்களை ஆளுயரத்துக்கு வரைந்து, கட்டிலுக்கடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் செருகி வைத்திருந்தார். அவர்கள் வெளியே வருவது இதுதான் முதல் தடவை.

ஆணி கூடாது என்றதும் ஆசிரியை மறுப்பு சொல்லவில்லை. படங்களைக் கூரையிலிருந்து மெல்லிய கம்பியில் தொங்கவிட்டார்கள். ஏசியைப் போட்டதுதான் தாமதம், தெருக்காரர்கள் ஒவ்வொருவராக மெல்லத் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அப்படியானால் தரையில் சாய்த்து வைக்கலாம் என்றார் கட்டடக் கலைஞர். வருகிறவர்கள் குந்தி உட்கார்ந்தா பார்ப்பார்கள் என்று ஆசிரியை கேட்டார். அதுவும் ஓர் அனுபவம்தானே என்றார் இவர்.

ஆசிரியை ஏணியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

"சுவத்துல கை வைக்காதீங்க மேடம்."

"அப்ப சுவர் எதுக்கு சார்?"

இத்தனை வருடத் தொழிலில் அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. "ஒரு ஆணி எறங்கினா அது செத்துரும் மேடம்," என்றார். அதில் நடிப்பு இல்லை.

ஆசிரியை சுத்தியலால் தன் படங்களைக் காட்டினார். "இவங்க எவ்ளோ காலமா கட்டிலுக்கடியில கெடந்தாங்க தெரியுமா? இவங்களுந்தான் சார் மூச்சு விடணும்."

இரண்டு பேரும் அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாள் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக்காரர் மூலைக்குப் போய், வகுப்பில் தண்டனை வாங்கியவர் மாதிரி சுவரைப் பார்த்து நின்றார். ஒவ்வோர் அடிக்கும் அவர் தோள் துள்ளித் துள்ளி அடங்கியது.

விழாவுக்குத் தெருவே திரண்டு வந்துவிட்டது. தையல்காரர் தன் படத்தின் முன்னால் நின்று, மூக்கு நிஜமாகவே இவ்வளவு பெரிதா என்று மனைவியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். கட்டடத்தை ஏறிட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கடைசியில் ஒரு பெரியவர் கட்டடக் கலைஞரை நோக்கி நேராக வந்தார். இவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பற்றிச் சொல்வதற்கு வாயெடுத்தார். பெரியவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். கைப்பிடிகூட இல்லாமல் சுவரோடு சுவராக இழைத்து வைத்த கதவு அது. செய்தவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. ஆகவே அந்த மாலை முழுக்க அதைத் தள்ளித் திறந்துவிடும் உத்தியோகம் அவருக்கே கிடைத்தது.

ஆசிரியை அவரைத் தேடி வந்து நன்றி சொன்னார். "வெளிச்சம் அருமையா விழுது சார். எங்க தெருவுலகூட இவங்க முகத்த நான் இப்படிப் பாத்ததில்ல."

"முகத்த எடுத்துட்டா இன்னும் நல்லா விழும்," என்றார் அவர்.

ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். கட்டடக் கலைஞர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கூட்டம் தேநீருக்காக வெளியே நகர்ந்ததும் கூடம் காலியானது. அவர் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு தையல்காரர் படத்தின் அருகே போனார். சட்டத்தின் கீழ்மூலையை ஒரு விரலால் லேசாகத் தூக்கி, தலையைச் சாய்த்து, பின்னாலிருந்த சுவரை எட்டிப் பார்த்தார்.